பிணைப்பு நூற்றுக்கு நூறு

முதலியார்பேட்டை, புதுச்சேரி
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

குழலி எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். அம்மாவின் மூட்டு வலி விருந்தாளி மாதிரி வருகிறது, போகிறது. நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்கிறேன்.

வீடியோ காலில் நெற்றியை மட்டும் காட்டுகிறாய். போன் அடித்தால், "லோடு வந்துருக்கு, அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். "எதுனா சொல்லணும்னா லெட்டர் போடு பாப்பா, நானும் போடுறேன்" என்று போன வாரம் சொன்னாயே, அதைப் பிடித்துக்கொண்டேன். தபாலாபீசில் பத்து கவர் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர், "எந்தப் பரீட்சைக்கும்மா அப்ளிகேஷன்?" என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உன் உதவி வேண்டும். உழவர்கரையில் எங்கள் ஆபீசில் செய்கிற கேமைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். உப்புக்கரை என்று ஒரு சின்ன ஊர், அதில் நாற்பது பேர். கொத்தனார், தையல்காரி, மீன்காரர் என்று ஆளுக்கொரு தொழில், ஆளுக்கொரு கருவி. விளையாடுகிறவர் அந்த ஊரை நடத்த வேண்டும். ஒரு கருவியை ஒரு நாள் உபயோகித்தால் ஆளுக்கும் அதற்கும் பிணைப்பு ஒரு மதிப்பெண் ஏறும். நூறு வந்தால் வேலை வேகமாகும். ஈபி மீட்டர் ஓடுகிற மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. அதைவிட மோசம், கடையில் புதுக் கரணை வந்த அன்றைக்கே முப்பது வருடம் பூசின கொத்தனார் பழைய கரணையை நடுத்தெருவில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். விளையாடிப் பார்த்தவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். எங்கள் ஓனர் கமலக்கண்ணன், "டிசம்பர் டெமோவுக்குள்ள மனுசனும் சாமானும் ஒட்டணும் குழலி, இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டார்.

எனக்குத் தெரிந்தவர்களில் புதிதாக ஒன்றை வாங்கி, அதோடு ஒட்டி வாழப் பழகுகிற ஒரே ஆள் நீதான். கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஏறிக் கொண்டுபோன காலுக்குப் பதிலாக மே மாதம் வந்ததே, அந்தக் காலைச் சொல்கிறேன். கேட்கலாமா கூடாதா என்று மூன்று நாள் யோசித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். அதை எப்படிப் பழகினாய்? ஒன்று விடாமல் எழுது.

அம்மா தெருவில் யாரைப் பார்த்தாலும், "எம்புள்ள பொங்கலுக்கு நடந்தே வந்து நிப்பான்" என்கிறாள். நீ சொன்ன வார்த்தைதான்.

பதிலை எதிர்பார்த்து,
கார்குழலி

*

ஓசூர்
24 ஆகஸ்ட் 2025

பாசமுள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் செம்மல். இங்கே நானும் என் அறைக்கூட்டாளி ராமதாஸும் நலம். ராமதாஸ் வைக்கிற ரசம் மட்டும் நலமில்லை. லாரி புக்கிங் ஆபீசில் நாள் முழுக்க உட்கார்ந்துகொண்டே பில் போடுகிறேன். அம்மாவைத் தைலம் தேய்க்கச் சொல்.

நல்ல கேள்வி கேட்டாய். முதலில் ஒட்டாது பாப்பா. புது மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த மாதிரிதான், முறுக்கிக்கொண்டு நிற்கும். நான் திரும்பினால் அது யோசித்துவிட்டுத் திரும்பும். படியில் கால் வை என்றால் வைக்காது, கூப்பிட்டு மரியாதை செய்ய வேண்டும். ஊன்றுகோலோடு பத்து நிமிடத்தில் போன டீக்கடைக்கு மாப்பிள்ளையோடு போக இருபத்தைந்து நிமிடம். உன் கேமில் புதுச் சாமான் கைக்கு வந்ததும் வேலை வேகமாகிறதா? தப்பு. முதலில் வேலை கெடும். இதை எழுதிக்கொள்.

பத்துப் பன்னிரண்டு நாளில் மாப்பிள்ளை முறுக்கு தளரும். ஒரு நாள் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது பாதி வழியில்தான் தோன்றியது, இவ்வளவு தூரம் காலைப் பற்றி நினைக்கவே இல்லையே என்று. அதுதான் ஒட்டுவது. மார்க் எல்லாம் இல்லை, மறந்துபோவதுதான் கணக்கு.

கமலக்கண்ணனிடம் சொல், என் தங்கையை அனுப்பினால் நானே நடந்து வந்து கேட்பேன் என்று.

உன் அண்ணன்,
செம்மல்

*

புதுச்சேரி
2 செப்டம்பர் 2025

அன்பு அண்ணா,

உன் கடிதம் வந்த அன்று அம்மா அதை மூன்று தரம் படிக்கச் சொன்னாள். மாப்பிள்ளை என்று நீ எழுதினதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அது தவிர இருவரும் சௌக்கியம்.

ஆபீசில் உன்னால் எனக்கு மவுசு. புதுக் கருவி வந்ததும் பன்னிரண்டு நாள் வேலை கெடும் என்று விதி போட்டேன். அதற்கு ஆபீசே "மாப்பிள்ளை முறுக்கு" என்று பெயர் வைத்துவிட்டது. கொத்தனார் புதுக் கரணையோடு சுவரைக் கோணலாகப் பூசிவிட்டு நின்று பார்க்கிறார். மறுநாள் பழையதைத் தேடுகிறார். கமலக்கண்ணன் மேசையைத் தட்டி, "இதான், இதான்!" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை.

இன்னும் வேண்டும். கழற்றினால் எங்கே வைக்கிறாய்? வேறு யாராவது தொட்டால் என்ன தோன்றும்? நிற்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு, அம்மா பார்க்க ஆசைப்படுகிறாள். உன் சக்கர நாற்காலியை வைத்திக்குப்பத்தில் ஒரு பெரியவருக்குக் கொடுத்துவிட்டாள். "இனிமே அது இந்த வூட்டுக்கு எதுக்கு?" என்றாள்.

சீக்கிரம் எழுது. நான் இங்கே நிலைகொள்ளாமல் இருக்கிறேன்.

குழலி

*

ஓசூர்
28 செப்டம்பர் 2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. ஆபீசில் லோடு ஜாஸ்தி. உடம்பு நன்றாக இருக்கிறது. இங்கே குளிர ஆரம்பித்துவிட்டது.

வைக்கிற இடம் கேட்டாய். கட்டிலுக்கு இடது பக்கம், சுவரோரம். காலையில் கண் திறக்கும் முன்பே கை அங்கே போய்விடும். தொட்டுப் பார்த்த பிறகுதான் கண்ணைத் திறப்பேன். ஒரு நாள் ராமதாஸ் பெருக்குவதற்காக எடுத்து ஜன்னல் பக்கம் வைத்துவிட்டான். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரம்மாவே மாடிக்கு வந்துவிட்டார். ஒரு அடி தள்ளி வைத்ததற்கு இவ்வளவா என்று அவன் கேட்டான். ஒரு அடிதான், ஆனால் அந்த ஒரு அடியை நான் எப்படிப் போவது? இதையும் எழுதிக்கொள். சாமானை விட, சாமான் இருக்கிற இடம் முக்கியம்.

போட்டோ அப்புறம் அனுப்புகிறேன். கேமராவில் ஏதோ புகை மாதிரி தெரிகிறது. சக்கர நாற்காலியைக் கொடுக்கும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பரவாயில்லை.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

செம்மல்

*

புதுச்சேரி
26 அக்டோபர் 2025

அன்பு அண்ணா,

நாங்கள் நலம் என்று எழுத வேண்டுமே என்று எழுதுகிறேன். தீபாவளிக்கு நீ வரவில்லை. அம்மா உன் புது லுங்கியை மஞ்சள் தடவி சாமி படத்தின் கீழே வைத்துவிட்டு, எடுக்காமலேயே விட்டிருக்கிறாள். பஸ் பார்சலில் வந்த அதிரசம் உடையாமல் வந்ததா?

வேலை நன்றாகப் போகிறது. உப்புக்கரையில் இப்போது எல்லாருக்கும் வீட்டில் கருவி வைக்க ஓர் இடம் உண்டு. தையல்காரியின் கத்தரியை யாராவது நகர்த்தினால் அவள் அன்று முழுக்கப் பேச மாட்டாள். கொத்தனார் காலையில் எழுந்ததும் கரணையைத் தொட்டுப் பார்க்கிறார். அதைப் பார்க்கிற ஒவ்வொரு தரமும் எனக்கு உன் கைதான் தெரிகிறது. கமலக்கண்ணன் என் சம்பளத்தைப் பற்றித் தானாகவே பேச்செடுத்தார், பார்த்துக்கொள்.

மழைக்காலத்தில் வலிக்கும் என்கிறார்களே. உனக்கு வலிக்கிறதா? இதுவரை ஒரு கடிதத்தில்கூட வலி என்ற வார்த்தையை நீ எழுதவில்லை. சும்மாதான் கேட்டேன். வேலை கிடக்கிறது, நிறுத்துகிறேன்.

குழலி

*

ஓசூர்
9 நவம்பர் 2025

பாப்பா,

நலம், நலம், நூறு தடவை நலம். அதிரசம் ஒன்றுகூட உடையவில்லை. ராமதாஸ் ஆறு தின்றான்.

இன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயிலுக்குப் படி வழியாகவே ஏறினேன். மாப்பிள்ளை ஒரு தரம்கூடத் தகராறு செய்யவில்லை. மேலே போய் நின்றபோது காற்று அப்படி அடித்தது. எது என் கால், எது வந்த கால் என்று எனக்கே தெரியவில்லை. வலி என்று ஒன்றும் இல்லை. பிணைப்பு நூற்றுக்கு நூறு என்று போட்டுக்கொள். இறங்கும்போது ஓடியே இறங்கியிருப்பேன், ராமதாஸ்தான் பிடித்துக்கொண்டான்.

அம்மாவிடம் படித்துக் காட்டு.

செம்மல்

*

புதுச்சேரி
30 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா நலம். நான் நலமாக இல்லை.

போன வாரம் வெளி ஆட்கள் இருபது பேரை வைத்து டெமோவை விளையாடவிட்டோம். முதல் ஒரு மணி நேரம் ஆகா ஓகோ. அப்புறம் ஒவ்வொருவராகக் கொட்டாவி விட்டார்கள். ஒரு பெண் எழுதிக் கொடுத்தாள்: "பன்னிரண்டு நாளுக்கு அப்புறம் எல்லாரும் தங்கள் சாமானோடு இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள், யாருக்கும் கையில் ஒரு கொப்புளம்கூட இல்லை, இவர்கள் மனுஷர்கள்தானா?" கமலக்கண்ணன் என்னைப் பார்த்து, "பொம்மைங்க எல்லாம் சாமியார் மடத்துல இருக்குற மாதிரி இருக்கு குழலி" என்றார்.

ஒருவர் சொன்னது போதவில்லை, பத்துப் பேரைக் கேட்போம் என்று உனக்குச் செயற்கைக் கால் செய்துகொடுத்த சென்டருக்குப் போனேன். அளவெடுக்கிற கவிநிலாவை உனக்கு நினைவிருக்கும், கண்ணாடி போட்ட பெண். உன் பெயரைச் சொன்னதும் பைலை எடுத்தாள். "செம்மல் சாரா? அவரு மே மாசத்துக்கு அப்பறம் வரவேயில்லையே" என்றாள். நன்றாக நடக்கிறான், அதான் வரவில்லை என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நல்லா நடந்தாதாங்க வரணும். நடக்க நடக்க மீதிக் காலு வத்தும். மூணு மாசத்துல அத நொழைக்கிற கிண்ணம் தளந்துடும். துணி ஒறை மேல ஒறை மாட்டிப் பாப்பாங்க, புண்ணாவும், அப்பறம் என்கிட்ட வந்து சண்ட போடுவாங்க. சண்டைக்கு வராத ஆளு ஒருத்தர்கூடக் கெடையாது. உங்க அண்ணன் சண்டைக்கே வரலயே" என்றாள்.

மலைப்படி ஏறினதைச் சொன்னேன். பைலை மூடிவிட்டு, வேறு ஏதோ வேலை இருக்கிற மாதிரி எழுந்து போய்விட்டாள்.

அண்ணா, நீ அந்தக் காலைப் போடுவதில்லை, அப்படித்தானே? உன் மூன்று கடிதத்தை வைத்து நான் நாற்பது பேருக்கு உயிர் கொடுத்திருக்கிறேன். அம்மா ஊரையே கூட்டி வைத்திருக்கிறாள். கோபமாக இருக்கிறது. அதைவிட அதிகமாகப் பயமாக இருக்கிறது. உண்மையை எழுது.

குழலி

*

புதுச்சேரி
14 டிசம்பர் 2025

அண்ணா,

பதினைந்து நாள் ஆயிற்று. போன் அடித்தால் மணி போகிறது, எடுக்க ஆள் இல்லை. ராமதாஸிடம் கேட்டேன், "இருக்காரும்மா, நல்லாத்தான் இருக்காரு" என்று என்னவோ பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லி வைத்துவிட்டார். திட்டியாவது ஒரு வரி எழுது. டெமோவைக் கமலக்கண்ணன் பொங்கலுக்கு அப்புறம் என்று தள்ளி வைத்துவிட்டார், அதைப் பற்றிக் கவலைப்படாதே. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

குழலி

*

ஓசூர்
24 டிசம்பர் 2025

பாப்பாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். உனக்கும் அம்மாவுக்கும் ஒரு குறையும் இருக்கக் கூடாது.

நீ பாதிதான் கண்டுபிடித்தாய். அந்தக் காலை நான் போடாமல் வைத்திருக்கவில்லை. என்னிடம் அது இல்லவே இல்லை. ஜூன் மாதம் ஓசூருக்கு வந்த பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். மறந்து அல்ல, வேண்டுமென்றேதான்.

அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டுக்குத் தெருவே வழியனுப்ப வந்ததே, நினைவிருக்கிறதா? "நெசக் காலு மாதிரியே இருக்குல்ல" என்று ஆளாளுக்கு என் பேன்ட்டைப் பார்த்தார்கள். அதற்கு முன்னால் கம்பெனிக்காரர்கள் மேடை போட்டு, எனக்கு மாலை போட்டு, அந்தக் காலைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். என் காலைத் தின்ற இடத்திலிருந்து வந்தது அது. மாட்டும்போதெல்லாம் அந்த மாலையின் நாற்றம்தான் வரும். திண்டிவனம் தாண்டினதும் கழற்றி மேலே சாமான் வைக்கிற கம்பியில் வைத்தேன். அப்பாடா என்று இருந்தது. ஓசூர் வந்ததும் பையையும் ஊன்றுகோலையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். வண்டி பெங்களூருக்குப் போய்விட்டது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட்டில் நீ கேட்டபோது உன்னைச் சமாளிக்கத்தான் மாப்பிள்ளைக் கதையை விட்டேன். நீ அதை வைத்து ஊரையே கட்டிவிட்டாய். அடுத்த கடிதத்துக்கு உட்கார்ந்து யோசித்தேன், இருந்திருந்தால் எங்கே வைத்திருப்பேன் என்று. கட்டிலுக்கு இடது பக்கம் என்று ஒரு வரி எழுதிவிட்டு, மீதியை இரண்டு வாரம் கழித்துத்தான் எழுதினேன். அந்த ஒரு வரி எழுதின அன்றிலிருந்தே காலையில் கை நிஜமாகவே அங்கே போக ஆரம்பித்துவிட்டது. அது பொய் இல்லை பாப்பா. கை போகும், அங்கே வெறும் சுவர் இருக்கும். ராமதாஸோடு சண்டை போட்டதும் நிஜம்தான். அவன் பெருக்கிவிட்டு அந்த இடத்தில் தன் பெட்டியை வைத்துவிட்டான். இல்லாத காலுக்கு இருந்த இடமும் போய்விட்டதே என்று நான் கத்தினேன். மலைக்குப் போனதும் நிஜம். அடிவாரத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து உனக்கு எழுதினேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இருபது நாள் இருப்புக்கொள்ளவில்லை. பழைய டிக்கெட் பர்சில் இருந்தது. அந்த வண்டி திருவண்ணாமலை டிப்போ. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். ஆறு மாதம் கழித்து யார் வைத்திருக்கப் போகிறார்கள், பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் போனேன்.

டைம் கீப்பர் சாமிக்கண்ணு என்று ஒருவர். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் ஊன்றுகோலோடு நின்றேன், அவ்வளவுதான். என் பேன்ட்டைப் பார்த்தார், எழுந்தார், பீரோவைத் திறந்தார். "வாப்பா, எவ்ளோ நாளு!" என்றார், என்னவோ நான் டிப்போவில் வேலை செய்து லீவு போட்டவன் மாதிரி.

ஒரு கண்டக்டரின் காக்கித் துண்டில் சுற்றி வைத்திருந்தார்கள். பிரித்தால், முட்டிக்குக் கீழே மூன்று விரலால் இழுத்த சந்தனம் காய்ந்து கிடக்கிறது. நடுவில் குங்குமம். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "ஆயுத பூசைக்கு எல்லாத்தையும் எடுத்து வச்சோம் தம்பி. ஸ்பேனரு, ஜாக்கி, டிக்கெட் மிசினு. அப்ப நம்ம மெக்கானிக்கு, இதுவும் யாரோ ஒருத்தன் பொழைக்கிற சாமான்தான, இத மட்டும் பீரோவுல போட்டு வச்சா நல்லாருக்குமான்னாரு. அதான் பொட்டு வச்சு, பொரி கடலை வச்சு, சூடம் காட்டுனோம். தப்பா எடுத்துக்காதப்பா" என்றார்.

கம்பெனி போட்ட மாலைக்கு எனக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அந்த டிப்போவில் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். டிரைவர்கள் வருகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள், போகிறார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருவர் டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார்.

அங்கேயே மாட்டிப் பார்த்தேன். போகவில்லை. ஆறு மாதம் சும்மா விட்டதில் மீதிக் கால் ஊதிவிட்டது. அழுத்தினேன், உயிர் போகிற வலி. சாமிக்கண்ணு தோளைப் பிடித்துக்கொண்டார், நான்கு விநாடி நின்றேன். வலிக்கிறதா என்று அக்டோபரில் கேட்டாயே. வலிக்கிறது பாப்பா.

உன்னை ஏமாற்றினதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எழுது.

உன் அண்ணன்,
செம்மல்

*

புதுச்சேரி
2 ஜனவரி 2026

அன்புள்ள அண்ணா,

அம்மா நலம். உன் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் நின்று படித்தேன். மேலே ஏறவும் முடியவில்லை, கீழே இறங்கவும் முடியவில்லை.

நீ மன்னிப்புக் கேட்டால் நானும் கேட்க வேண்டும். எனக்குத் தீபாவளியிலேயே சந்தேகம் வந்துவிட்டது. போட்டோ வரவில்லை, வலி என்ற சொல் இல்லை, நீ வரவில்லை. கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாய். சொன்னால் கொத்தனாரும் தையல்காரியும் என்ன ஆவார்கள்? அதனால்தான் "சும்மாதான் கேட்டேன்" என்று எழுதினேன். ஓசூர் என்ன லண்டனா? ஒரு பஸ். ஐந்து மாதத்தில் ஒரு தரம் நான் ஏறவில்லை. எனக்கு உன்னைவிட உன் கடிதம் தேவையாக இருந்தது. இதை எழுதும்போது என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

கமலக்கண்ணனிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவர், "அப்ப பஸ்ல வுட்டுட்டு வர்ற மாதிரியும் வச்சுடலாமா?" என்றார். பேனா ஸ்டாண்டைத் தூக்கி அடித்திருப்பேன். எங்கள் அண்ணனைக் கேட்காமல் இனி ஒரு வரி எழுத மாட்டேன், வேலை போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் அவரே வந்து, "கேட்டுட்டே செய்யி" என்றார்.

ஒன்று மட்டும் கேட்காமல் மாற்றிவிட்டேன். இதுவரை உப்புக்கரையில் யாராவது ஒரு கருவியைக் கீழே போட்டால் பொழுது சாயும்போது அது மறைந்துவிடும், கம்ப்யூட்டருக்குச் சுமை குறையும் என்று. இனி மறையாது. கிடந்த இடத்தில் கிடக்கும். யாராவது எடுத்து வைப்பார்கள்.

கவிநிலாவைப் பார்த்தேன். ஊதின கால் வற்ற மூன்று வாரம் கட்டுப் போட வேண்டுமாம், பிறகு புதுக் கிண்ணம். "வரச் சொல்லுங்க, சண்ட போடுறதுக்கு ஆளு கொறையுது" என்றாள். இனி முடிவு உன் கையில். அம்மாவிடம் நான் என்ன சொல்ல?

உன் தங்கை,
குழலி

*

ஓசூர்
10 ஜனவரி 2026

அன்பு பாப்பாவுக்கு,

நான் நலம். இந்த முறை யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அம்மாவிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், நேற்று நானே போன் செய்து சொல்லிவிட்டேன். பொய் எழுதினது, பஸ்ஸில் விட்டது, டிப்போ, எல்லாம். அப்புறம், "அந்த டிப்போவுல மொத்தம் எத்தினி பேருடா?" என்று கேட்டாள். நூறு பேருக்கு மேல் இருப்பார்கள் என்றேன். "அப்ப பலகாரத்துக்கு அஞ்சு படி மாவாவது அரைக்கணும்" என்றாள். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

கேமில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள். அந்தக் கொத்தனார் கரணையைத் தூக்கிப் போடட்டும், ஊரை விட்டே ஓடட்டும், தங்கைக்குப் பொய்யும் எழுதட்டும். ஆனால் அவர் கையில் கொப்புளம் வை. திரும்ப எடுக்கும்போது வலிக்கட்டும். மார்க் மட்டும் போடாதே.

போகி அன்று மதியம் இரண்டரைக்குப் புதுச்சேரி வந்துவிடுவேன். நடந்து வந்து நிற்பேன் என்று சொன்ன வார்த்தை இந்தப் பொங்கலுக்கு இல்லை. ஊன்றுகோலோடுதான் வருகிறேன். கால் பையில் இருக்கும், பாதி வெளியே நீட்டிக்கொண்டு, மறைக்க வழியில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவைத் தெருமுனையில் நிறுத்தச் சொல்லி, அங்கிருந்து வீடு வரைக்கும் அப்படியே வருவேன். எல்லாரும் வாசலில் இருப்பார்கள். பார்த்துக்கொள்ளட்டும்.

நீ வெளியே வந்து நிற்காதே, எனக்கு வெட்கமாக இருக்கும் என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். வேண்டாம், நீ வா. தெருமுனையில் நில். எனக்குப் பயமாக இருக்கிறது பாப்பா.

செம்மல்